எந்த மாதத்துப் பாட்டு

தேசிய இசை வகைப்பாட்டு வாரியத்தில் மனு வாங்கும் மூன்றாம் சாளரத்தில் நான் பதினாறு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தீவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கடற்காற்று நன்றாக வரும் கட்டடம் அது. காற்று வரும் பக்கமெல்லாம் அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு: "அலுவலக நேரத்தில் பாடுவதும் முணுமுணுப்பதும் தாளம் போடுவதும் தடை." பாட்டு வாரியத்தில் பாட்டுக்குத் தடையா என்று முதல் தடவை வருகிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை வரும்போது சிரிப்பதில்லை.

எங்கள் வேலை லேசானது. நாட்டில் யார் புதிதாகப் பாட்டுப் போட்டாலும் அது என்ன வகை என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத பாட்டை வானொலி ஒலிபரப்பக் கூடாது. கடை வாசலில் போடக் கூடாது. ஊருக்கு ஊர் ஆள் ஏற்றிப் போகும் வேனான மாக்சி டாக்சியில் போட்டால் ஓட்டுநரின் உரிமம் போய்விடும். வகை தெரிந்தால்தான் மாதம் தெரியும் என்பது வாரியத்தின் கொள்கை. நையாண்டிப் பாட்டான கலிப்சோவும் ஆட்டப் பாட்டான சோகாவும் புத்தாண்டிலிருந்து, தெருவெல்லாம் ஆடும் கார்னிவல் செவ்வாய் வரைக்கும். மறுநாள் சாம்பல் புதன், நாடே வாயை மூடிக்கொண்டு நெற்றியில் சாம்பலோடு சர்ச்சுக்குப் போகும். சட்னிக்குக் கார்னிவலும் உண்டு, மார்ச்சில் சாயம் ஊற்றி ஆடும் பக்வா பண்டிகையும் உண்டு. பராங் என்பது கிட்டாரோடு பாடும் ஸ்பானியக் கிறிஸ்துமஸ் பாட்டு, நவம்பர் ஒன்றுக்கு முன்னால் அதைத் தொடக் கூடாது. இதெல்லாம் முன்பு ஜனங்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டிருந்த வழக்கம்தான். தோன்றினால் மீறுவார்கள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அதைச் சட்டமாக்கி அவர்களைக் காப்பாற்றியது நாங்கள்.

முதலில் கலிப்சோவுக்கு மட்டும்தான் வாரியத்தில் அறை இருந்தது. பிறகு சோகா வந்தது. "இது பாட்டே இல்லை, தேகப்பயிற்சி" என்று கலிப்சோக்காரர்கள் பன்னிரண்டு வருடம் மனுக் கொடுத்தார்கள். எப்படியோ சோகாவுக்கும் ஓர் அறை கிடைத்தது. கிடைத்த மறு வருடமே சோகாக்காரர்கள் அந்தப் பழைய மனுவைத் தேடி எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, சட்னி சோகாவுக்கு எதிராகக் கொடுத்தார்கள். தட்டச்சு செய்தவள் நான் என்பதால் எனக்குத் தெரியும். சட்னி என்றால் எங்கள் ஊரில் தொட்டுக்கொள்வதும் உண்டு, ஆடுவதும் உண்டு. கல்யாண வீடுகளில் இந்தியப் பெண்கள் பாடியதிலிருந்து வந்தது அது. சட்னிக்கும் சோகாவுக்கும் நடுவில் சிறுகோடு போட்டு எழுதுவதா, போடாமல் எழுதுவதா என்று ஒரு துணைக்குழு நான்கு வருடம் கூடியது. போட்டால் பிரிப்பதாகிவிடுமாம், போடாவிட்டால் கலப்பதாகிவிடுமாம். கடைசியில் பாதிக் கோடு போடுவதென்று முடிவாயிற்று. இன்றைக்கும் எங்கள் படிவத்தில் அந்த இடத்தில் பூச்சி உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி தெரியும்.

இந்த அலுவலகத்துக்குத்தான் கெல்வின் சூக்காய் ஜனவரி முதல் வாரத்தில் வந்தார். சகுவானாஸ் பாதையில் பச்சைப் பட்டை மாக்சி ஓட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஒரு காகித உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலை வணக்கம் மிஸ். இது என் பொண்டாட்டி பாட்டு. பதிஞ்சுக் குடுக்கணும்."

"என்ன வகை?"

"நல்ல வகைதான் மிஸ்."

"நல்ல வகைன்னு இதுல கட்டம் இல்லையே. சோகாவா, சட்னியா, கலிப்சோவா?"

அவர் யோசித்தார். "அவ பாடுறா. நான் இரும்பு தட்டுறேன். அவ தம்பி டோலக்கு. பக்கத்து வீட்டு ஆளு ஸ்டீல் டிரம் வாசிச்சாரு. அன்னைக்கு வெள்ளிக்கிழமை, எல்லாரும் வீட்டுல இருந்தோம். அதான் அப்படி வந்துருச்சு."

ஒரு புது இசை எப்படிப் பிறக்கிறது என்று பதினாறு வருடத்தில் நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் சரியானது. அதை எழுத இடமில்லாததால் விட்டுவிட்டேன்.

"பாடினவங்கதான் வந்து கையெழுத்து போடணும், மிஸ்டர் சூக்காய்."

"அவ ஆஸ்பத்திரில இருக்கா மிஸ்."

"சரி, வீட்டுக்கு வந்ததும் கூட்டிட்டு வாங்க. எப்ப வருவாங்க?"

"டாக்டர் ஈஸ்டர்ங்கிறாரு."

"ஈஸ்டருக்கு வந்துருவாங்களா?"

"இல்ல மிஸ். ஈஸ்டர் வரைக்கும்ங்கிறாரு."

படிவத்தை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். கையெழுத்தை ஆஸ்பத்திரியிலேயே வாங்கி வரலாம், ஒரு நர்ஸ் சாட்சி போட்டால் போதும் என்று சொன்னேன். அது விதியில் இல்லை. அன்றைக்கு நான் செய்த முதல் சலுகை அது, அதற்காக நாள் முழுதும் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவருடைய மனைவி பெயர் மார்வலின். பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைத்தவள். அப்பா கறுப்பர், பெயர் ஜோசப். அம்மா இந்தியப் பெண். எங்கள் ஊரில் அப்படிப் பிறந்தவர்களை டக்லா என்பார்கள். முன்பு அதைத் திட்டாகச் சொன்னார்கள், இப்போது சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று படிவத்தில் ஆப்பிரிக்கரா இந்தியரா என்று கேட்டார்களாம். ரெண்டுலயும் போட்டுக்கோ ராசா என்றாளாம். ஒன்றில்தான் போடலாம் என்றானாம் படிவம் எழுதிய ஆள். "அப்ப எந்தப் பக்கம் வலிக்குதோ அந்தப் பக்கம் போடு"ன்னா மிஸ், என்று சொல்லி கெல்வின் என் சாளரத்தில் நின்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டின் பெயர் 'இதோ வந்துட்டேன்'. எங்கள் ஊரில் ஒருவன் இதோ வந்துட்டேன் என்றால் அவன் இன்னும் குளிக்கவே இல்லை என்று அர்த்தம். மார்வலின் பாட்டில் ஒருத்தி சமைத்து வைத்துவிட்டுப் புருஷனுக்காகக் காத்திருக்கிறாள். முதல் சரணத்தில் ரொட்டியும் மாங்காய்க் கறியும் ஆறிப்போகின்றன. இரண்டாவதில் கீரையும் நண்டும் போட்ட கலலூ ஆறிப்போகிறது. மூன்றாவதில் வாழையிலையில் கட்டி அவித்த பாஸ்டெல் ஆறிப்போகிறது. அவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் இதோ வந்துட்டேன் என்கிறான். முதல் இரண்டு சரணத்துக்கும் சிரிப்பு வரும். மூன்றாவதில்தான் அவன் வரப்போவதே இல்லை என்று புரியும். அதற்குள் நம்முடைய கால் ஆட ஆரம்பித்திருக்கும், நிறுத்த முடியாது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கெல்வின் அதை என்னிடம் தெளிவாகச் சொன்னார்.

"நான் போன்ல போட்டுக் காட்டுறேன் மிஸ். 'நீ போட்டு நான் கேக்குறது பாட்டுக் கேக்குறதா? அது கண்ணாடி பாக்குற மாதிரி. முன்னபின்ன தெரியாத எவனோ ஒருத்தன் போடணும், அது எங்கேயோ இருந்து என் காதுல விழணும்'ங்கிறா. பக்கத்து வீட்டு ஆளுகிட்டச் சொல்லி அவன் வண்டில போட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல் பக்கமா வரச் சொன்னேன். அவன் ஹாரன் சத்தத்துலயே கண்டுபிடிச்சுட்டா. 'நீ சொல்லிவிட்டுத்தானே வர்றான்'ன்னு சிரிக்கிறா. அவளுக்கு மூணாவது மாடி மிஸ், நெடுஞ்சாலையப் பாத்த ஜன்னல். காலைல வண்டியெல்லாம் கீழ நெரிசல்ல நிக்கும். எந்த வண்டில என்ன பாட்டுன்னு கேட்டுட்டே படுத்துக் கிடக்கா. அதான், ரேடியோல ஒரு தடவை வந்துச்சுன்னா போதும்."

கார்னிவலுக்கு ஐந்து வாரம் இருந்தது. நான் கோப்பை அன்றைக்கே மேலே அனுப்பினேன். அந்தக் காகித உறையில் இருந்த சிடியை, இசைத்தட்டை மட்டும் என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். விண்ணப்பப் பொருள் எழுத்தரின் நேரடிப் பாதுகாப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. என் மேசை இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. பூட்டுக் கேட்டு ஒன்பது வருடம் முன்பு எழுதியிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கேட்புக் குழு கூடியது. கேட்புக் குழுவில் ஏழு பேர். பாட்டு ஓடும்போது அவர்கள் அசையாமல் உட்கார வேண்டும். அவர்களையும் மீறி உடம்பில் எது அசைகிறது என்று பார்த்து எழுத ஒரு அதிகாரி உண்டு. அவர் பதவிக்கு அங்க அசைவுப் பதிவாளர் என்று பெயர். இடுப்பு அசைந்தால் சோகா, மணிக்கட்டு திரும்பினால் சட்னி, தலை மட்டும் ஆடினால் கலிப்சோ. விண்ணப்பதாரர் ஒரு மூலையில் நிற்கலாம், ஆனால் அசையக் கூடாது. தன் பாட்டுக்குத் தானே அசைவது செல்வாக்கைப் பயன்படுத்துவதாகும்.

தட்டை நான்தான் போட்டேன். முதல் சரணத்தில் சோகா மேசைக்காரரின் இடுப்பு நாற்காலியோடு சேர்ந்து அசைந்தது. இரண்டாவதில் சட்னி மேசை அதிகாரி டிண்டியால் சீச்சரனின் மணிக்கட்டு அவரைக் கேட்காமல் திரும்பியது. மூன்றாவதில் யாருக்கும் எதுவும் அசையவில்லை. கலிப்சோ மேசை அதிகாரி லான்சலாட் பிரெஸ்காட், பொல்லாத மனுஷர், சோகாவைத் தேகப்பயிற்சி என்று மனு எழுதியவர், அவருடைய கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. பதிவாளர் பேனாவைத் தூக்கிக்கொண்டு படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். கண்ணுக்குக் கட்டம் இல்லை.

"தூசி," என்றார் பிரெஸ்காட்.

"தூசி" என்று பதிவாளர் எழுதிக்கொண்டார்.

வாரியத் தலைவர் டாக்டர் ஆல்ட்வின் பேன்டின் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சினை. நல்லா இருக்கிற பாட்டு எந்தப் பக்கமும் சாயாம இருந்தா நாளைக்கு எல்லாரும் இதே மாதிரி போட ஆரம்பிச்சுருவாங்க. சரி, அந்த இரும்புச் சத்தம் என்ன சத்தம்?"

எங்கள் ஊரில் இரும்பு இரண்டு வகை. நீளக் கம்பியைக் குதிரைலாடத்தால் தட்டினால் அது தண்டால், இந்தியர்களுடையது. வண்டியின் பிரேக் உருளையைக் கம்பியால் தட்டினால் அது ஸ்டீல் டிரம் கோஷ்டியின் இரும்பு, கறுப்பர்களுடையது. கெல்வின் பிரேக் உருளையைக் குதிரைலாடத்தால் தட்டியிருந்தார்.

"மிஸ்டர் சூக்காய், நேராச் சொல்லுங்க. அது இந்திய இரும்பா, ஆப்பிரிக்க இரும்பா?"

கெல்வின் ஏழு முகத்தையும் பார்த்தார். ஒளிக்கத் தெரியாத மனுஷர். "ஜப்பான் இரும்புங்க சார். என் வண்டியோடது."

அந்த ஒரு வார்த்தையால் கோப்பு அயல்நாட்டுத் தாக்கங்கள் குழுவுக்குப் போயிற்று. ஜப்பான் என்று குறிப்பில் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் செய்ய முடியாது. அந்தக் குழுவுக்கு ஜப்பான் இசை தெரிந்த நிபுணர் வேண்டியிருந்தது. கராத்தே சொல்லிக்கொடுக்கும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் பாட்டை இரண்டு தடவை கேட்டுவிட்டு, இதில் ஜப்பான் எதுவும் தனக்குத் தெரியவில்லை, ஆனால் தன் மாமியார் ஞாபகம் வருகிறது என்று எழுத்தில் கொடுத்தார்.

நடுவில் கலவை இசை நாள் வந்தது. வருடா வருடம் கொண்டாடுவோம். டாக்டர் பேன்டின் அன்றைக்குப் பேசிய பேச்சை நான்தான் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன், அதனால் வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"நம்ம இசை ஒரு கடல். ஆப்பிரிக்க ஆறு, இந்திய ஆறு, ஸ்பானிய ஆறு எல்லாம் வந்து கலக்கிற கடல். உலகத்துல எந்த நாட்டுக்கும் இந்தப் பாக்கியம் கிடையாது. ஆகையினால, கடல்ல இருக்கிற ஒவ்வொரு சொட்டும் எந்த ஆத்துச் சொட்டுன்னு எழுதி வைக்கிறது நம்ம கடமை. எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் குளிக்க வேண்டாம்னுதான் கேட்டுக்கிறோம்."

பலத்த கைதட்டல். கெல்வின் கடைசி வரிசையில் உட்கார்ந்து தானும் தட்டினார். வெளியே வரும்போது, "தலைவர் நல்லாப் பேசுறாரு மிஸ். நம்ம பாட்டு பத்தித்தான் பேசுறாருன்னு நினைச்சேன்," என்றார்.

கார்னிவல் வந்தது, போயிற்று. திங்கட்கிழமை விடியலில் சேறு பூசிக்கொண்டு நாடே தெருவில் ஆடியது. மார்வலின் ஜன்னல் ஓரத்தில் தலையணை வைத்துச் சாய்ந்து இரண்டு நாளும் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போன லாரிகளின் பாட்டை எண்ணினாளாம். நூற்றுப் பதினேழு பாட்டு. அவளுடையது அதில் இல்லை. சாம்பல் புதன் அன்று கெல்வின் நெற்றியில் சாம்பலோடு என் சாளரத்துக்கு வந்தார். அவர் இந்து, அவளுக்காகச் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"இனிமே சோகாவா இருந்தா அடுத்த வருஷம்தான், இல்லையா மிஸ்?"

"ஆமா."

"சட்னியா இருந்தா?"

"பக்வாவுக்குப் போடலாம். இன்னும் நாலு வாரம் இருக்கு."

"அப்ப சட்னின்னு போட்டுருங்க மிஸ். அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

சீச்சரனின் அறைக்கு அவரை நானே அழைத்துக்கொண்டு போனேன். சீச்சரன் கோப்பைப் புரட்டினார்.

"பாட்டுல ஒரு போஜ்புரி வார்த்தைகூட இல்லையே தம்பி."

"அவளுக்குத் தெரியாதுங்க சார். எனக்கே தெரியாது. எங்க அம்மாவுக்குத் திட்டுறதுக்கு மட்டும் தெரியும்."

"பாடுனவ யாரு? அப்பா பேரு ஜோசப்பா? அம்மா மட்டும் நம்மாளா? அப்ப அம்பது சதவீதம். எங்களுக்கு அம்பத்தொண்ணு வேணும்."

"கலிப்சோ ரூம்ல கேட்டா அவங்களும் அம்பத்தொண்ணுதான் கேக்குறாங்க சார்."

"கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே விதிதான். நாங்க யாருக்கும் பாரபட்சம் பாக்குறதில்ல."

கெல்வின் மேசைப் பக்கம் குனிந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த ஒரு சதவீதத்தை நான் குடுக்கலாமா சார்? நான் முழுசா இந்தியன்தான். எங்கிட்ட நிறைய இருக்கு," என்றார்.

"புருஷன் கணக்குல வரமாட்டான்," என்றார் சீச்சரன். அவர் கெட்டவர் இல்லை. எழுந்து வந்து கெல்வினின் தோளில் கைவைத்து, "பாட்டு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு தம்பி. அன்னைக்கு வீட்டுக்குப் போயும் வாய்ல வந்துட்டே இருந்துச்சு. நானா நிறுத்திக்கிட்டேன்," என்றார்.

பக்வாவும் போயிற்று. ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் சிவப்புச் சாயம் ஊற்றி ஆடினார்கள். கெல்வின் வாரம் இரண்டு தடவை வருவதை நிறுத்தி, மதியம் வண்டி ஓய்ந்த நேரத்தில் தினமும் வர ஆரம்பித்தார். எதுவும் கேட்கமாட்டார். சாளரத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்காருவார். நான் நிமிர்ந்து பார்த்தால் லேசாகத் தலையை ஆட்டுவார். இன்னைக்கு எப்படி இருக்காங்க என்று கேட்டால், "கஞ்சி குடிச்சா மிஸ்," என்பார். பிறகு ஒரு நாள், "தண்ணி மட்டும்தான்," என்றார்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பராங் அறையில் மார்ச் மாதத்தில் வேலையே இருக்காது. அதிகாரி செரானோ காலையிலிருந்து மாலை வரை பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அன்றைக்கே முத்திரை குத்திவிடுவார், பேச ஆள் வந்ததே என்ற சந்தோஷத்தில். விதி நாற்பத்து நாலு, உணவுச் சான்று: ஒரு பாட்டில் ஒரு பண்டிகைக்கே உரிய பலகாரம் வந்தால் அந்தப் பாட்டை அந்தப் பண்டிகையில் சேர்க்கலாம். மூன்றாம் சரணத்தில் பாஸ்டெல் இருந்தது. எங்கள் ஊரில் பாஸ்டெலைக் கிறிஸ்துமஸுக்குத் தவிர யார் செய்கிறார்கள்? நான் கோப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த வரியைக் கோடிட்டுக் காட்டினேன்.

"பாஸ்டெல்லா," என்றார் செரானோ, கண் மலர. "ஆலிவ் போட்டதா, போடாததா?"

"பாட்டுல சொல்லல சார்."

"போட்டதுன்னு வச்சுக்குவோம்." குத்தினார்.

முத்திரை விழுந்த சத்தம் எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. மூன்று மாதம் முட்டி மோதியது ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சான்றிதழை உறையில் போட்டுக் கெல்வினிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"கிறிஸ்துமஸ் பாட்டுன்னு போட்டிருக்கே மிஸ்."

"முதல்ல வகை கிடைக்கட்டும். மாசத்துக்கு விதிவிலக்கு தனியா வாங்கலாம். அதுக்கு ஒரு குழு இருக்கு. இதோ, வாங்கிடலாம்."

இதோ என்றுதான் சொன்னேன். சொல்லும்போது அது என் வாயில் உறுத்தவில்லை.

விதிவிலக்குக் குழு வருடத்துக்கு இரண்டு தடவை கூடும். அடுத்த கூட்டம் ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை.

கெல்வின் சான்றிதழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார். மார்வலின் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாளாம். "கிறிஸ்துமஸா? அப்ப நான் டிசம்பர் வரைக்கும் இருக்கணும்னு கவர்மென்ட்டே எழுதிக் குடுத்திருக்கு. டாக்டருகிட்டக் காட்டு," என்றாளாம். நர்ஸ்கள் எல்லாம் சிரித்தார்களாம்.

ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறு முடிந்து மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள். காலை ஏழரை மணி. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை கெல்வின் வந்தார். தலையை மழித்திருந்தார். விதிவிலக்கு மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்ததாகச் சொன்னார். "குழுவுல பெரியவங்க எல்லாம் வேலைய விட்டுட்டு வருவாங்க. வீணா எதுக்கு மிஸ் அவங்களுக்குச் சிரமம்?" மனுவைத் திரும்பப் பெறுவதற்கும் எங்களிடம் ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் அவர் எதுவும் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாங்கி, "தேவை நீங்கியது" என்று எழுதினேன். அந்த இரண்டு வார்த்தைக்காக இன்றுவரை என் கையை நான் மன்னிக்கவில்லை.

சான்றிதழ் கிடைத்த பாட்டின் நகலை வாரியமே வானொலிக்கு அனுப்பிவிடும். நவம்பர் ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு வானொலி அந்தப் பாட்டைப் போட்டது. பத்து மணிக்குள் எல்லா நிலையத்திலும் வந்துவிட்டது. இப்படி ஒரு பராங்கை யாரும் கேட்டதில்லை. டோலக்கும் ஸ்டீல் டிரம்மும் வைத்துப் பராங்கா என்று ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள், ஆச்சரியப்பட்டுக்கொண்டே ஆடினார்கள். மளிகைக் கடைகளில் வண்டி தள்ளிக்கொண்டே இதோ வந்துட்டேன் என்று பாடினார்கள். நவம்பர் முடிவதற்குள் அதே மாதிரி நாலு பாட்டுகள் பதிவுக்கு வந்துவிட்டன, நாலிலும் இரும்பைக் குதிரைலாடத்தால்தான் தட்டியிருந்தார்கள். டாக்டர் பேன்டின் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, "ஒரு புது இசை வகையை இந்த வாரியம் இந்த நாட்டுக்கு அளித்திருக்கிறது," என்று அறிவித்தார். அதற்குப் பெயர் வைக்க ஒரு துணைக்குழுவும் போட்டார். எத்தனை சிறுகோடு என்பதில் தொடங்கியிருக்கிறார்கள்.

டிசம்பரில் கெல்வினை வரவழைத்து ஒரு கேடயம் கொடுத்தார்கள். மார்வலின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. விழா முடிந்ததும் இசைத்தட்டைத் திரும்பக் கொடுப்பதற்காக நான் அவரோடு வெளியே போனேன். அவருடைய மாக்சி தெருவோரம் நின்றது, என் கார் அதற்குப் பின்னால். நான் கைப்பையைத் திறந்து தட்டை எடுத்தேன்.

"இவ்வளவு நாளும் பையிலயா வச்சிருந்தீங்க மிஸ்?"

"விதிப்படி என் கையிலதான் இருக்கணும். ஒரு நாள்கூட வீட்டுல வச்சுட்டு வந்ததில்ல. தினமும் கொண்டு போயி கொண்டு வருவேன்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"நீங்க எந்தப் பக்கம் இருந்து வர்றீங்க?"

"கிழக்கே இருந்து. நெடுஞ்சாலை வழியா."

"காலைல ஏழு, ஏழரைக்கு ஆஸ்பத்திரிக் கிட்ட வண்டியெல்லாம் நின்னுருமே."

"அத ஏன் கேக்குறீங்க. தினமும் இருபது நிமிஷம் அங்கேயே உக்காந்திருப்பேன்."

அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவருக்கு முதலில் புரிந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மூன்று மாதம். தினமும் இருபது நிமிடம். அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, அவள் முன்பின் பார்த்திராத ஒருத்தியின் கார். தட்டு பக்கத்து இருக்கையில், என் பைக்குள். கண்ணாடியை இறக்கிவிட்டு, தட்டைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். அனுமதி இல்லையே என்று பயந்து நான் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் என்னைக் கோழை என்று திட்டிக்கொண்டு ஆறுதல் அடைவேன். அப்படி இல்லை. அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. அந்த இருபது நிமிடமும் நான் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன், அவளுக்காக அடுத்து எந்தப் படிவம் போடலாம் என்று யோசித்துக்கொண்டு.

"மிஸ்டர் சூக்காய்," என்றேன்.

"சரி விடுங்க மிஸ்," என்றார் அவர். "நீங்க ஒருத்தர்தான் எங்களுக்கு உதவி பண்ணீங்க." அவர் அதை மனதாரத்தான் சொன்னார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கேடயத்தை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். சகுவானாஸ் போகிறவர்கள் பொட்டலமும் பையுமாக ஓடி வந்து ஏறினார்கள். வானொலி அதுவாகப் பாட ஆரம்பித்தது, மூன்றாம் சரணம். அவர் கை அதை அணைக்கப் போனது. கடைசியாக ஏறிய ஒரு பெண், மடியில் குழந்தையை இழுத்து வைத்துக்கொண்டு, "டிரைவர், அந்தப் பாட்டைக் கொஞ்சம் சத்தமா வைப்பா," என்றாள்.

அவர் சத்தமாக வைத்தார்.